பரணில் கிடக்கும் நாற்காலிகள்



1947-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 2021-ஆம் ஆண்டு ஒரு திருத்தம் செய்யப்பட்டு, 22-ஏ என்ற பிரிவு புதிதாகச் சேர்க்கப்பட்டது நாம் அறிந்ததே. கடையில் வேலை பார்க்கும் எல்லா ஊழியர்களுக்கும், வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார்ந்து கொள்ளத் தகுந்த இருக்கை இருக்க வேண்டும் என்பதே அதன் சாரம். அண்டை மாநிலமான கேரளத்தில் 2018-ஆம் ஆண்டிலேயே இது வந்துவிட்டது. துணிக்கடைகளில் நாள் முழுவதும் நின்று கால் வீங்கிப்போன பெண்கள் போராடிப் பெற்றது அது. நம் பக்கம் திருத்தம் வந்தபோது, "இது ஜவுளிக்கடை, நகைக்கடைக்காரர்களுக்கு, மளிகைக்கடைக்கு என்ன?" என்று கேட்டவர்கள் உண்டு. சட்டத்தில் அப்படிப் பாகுபாடு ஏதும் இல்லை. பொட்டலம் மடிக்கும் தம்பிக்கும் பருப்புப் புடைக்கும் அம்மாளுக்கும் அது பொருந்தும்.

சட்டம் வந்ததும் நம்மில் பலர் என்ன செய்தோம்? வண்டியில் வைத்து விற்றுக்கொண்டு வந்த பிளாஸ்டிக் ஸ்டூல்களை நாலு, ஆறு என்று வாங்கிப் போட்டோம். மூட்டை தூக்கிய களைப்போடு ஒரு ஆள் தொப்பென்று உட்கார்ந்தால் அதன் கால் விரிகிறது. வெயில் படும் கடைவாசலில் போட்டிருந்தால் இன்னும் சீக்கிரம். விரிந்த பிளாஸ்டிக்கை ஒட்டவும் முடியாது, ஆணி அடிக்கவும் முடியாது. கிலோக் கணக்கில் போட வேண்டியதுதான். அதே கடையின் பரணில் பார்த்தால், அப்பா காலத்து நாற்காலி இரண்டு, கைபோன பெஞ்சு ஒன்று, பிரம்பு கிழிந்த சாய்வு நாற்காலி ஒன்று என்று காலி மிளகாய்ச் சாக்குகளுக்கு அடியில் கிடக்கின்றன. மரம் அப்படியே இருக்கிறது. உட்காருகிற இடம்தான் போய்விட்டது.

நாம் இதை இப்போது எழுதக் காரணம் உண்டு. நமது சங்கக் கட்டிடத்தின் மாடியில் இருக்கும் பழைய பிரம்பு நாற்காலிகளை ஏலம் போட்டுவிட்டு, அடுக்கி வைக்கக்கூடிய பிளாஸ்டிக் நாற்காலிகள் வாங்கலாம் என்று செயற்குழுவில் ஒரு பேச்சு எழுந்துள்ளது. அடுத்த கூட்டத்தில் முடிவாகும் என்கிறார்கள். இளைய உறுப்பினர்கள் நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறார்கள். இடம் அடைக்கிறது, பார்வைக்கு நன்றாக இல்லை என்பது அவர்கள் வாதம். பார்வைக்கு நன்றாக இல்லை என்பது உண்மைதான். ஆனாலும் நாம் இதை எதிர்க்கிறோம்.

முதலில் அந்த மரத்தைப் பாருங்கள். அத்தனையும் தேக்கு. தேக்குக்குள் இயற்கையாகவே எண்ணெய்ப் பசை உண்டு. அதனால் கரையான் எளிதில் அண்டாது, மழைக்காலத்தில் பெரிதாக உப்பாது. அந்தக் காலத்துத் தச்சர்கள் மரத்துக்குள் மரத்தைச் செருகி, வச்சிரம் காய்ச்சி ஒட்டி, மூங்கில் ஆணி இறுக்கியிருக்கிறார்கள். இரும்பு ஆணியை அதிகம் தொட்டதே இல்லை. வச்சிரத்துக்கு ஒரு குணம் உண்டு. வெந்நீரும் சூடும் பட்டால் இளகிவிடும். ஆட்டம் கண்ட மூட்டை நனைத்துக் கழற்றி, பழைய பசையைச் சுரண்டிவிட்டு, மறுபடி பூட்டினால் நாற்காலி புதிதுபோல் நிற்கும். இன்று எல்லோரும் ஊற்றுகிற வெள்ளைப் பசை அப்படி இளகாது. அதைக் கழற்றப்போனால் மரமே பிளந்துவிடும். பழுதானால் பிரித்துச் சரிசெய்யலாம் என்று எண்ணிச் செய்த சாமான் அது.

ஈட்டி மரத்தின் கதை இன்னும் பெரிது. அதை வெட்டுவதைக் கட்டுப்படுத்த 1994-ஆம் ஆண்டு தமிழ்நாட்டில் தனிச் சட்டமே வந்தது. பரணில் ஈட்டி மர நாற்காலி வைத்திருப்பவர்கள் கால் உடைந்ததற்காக அதை விறகுக்குப் போடலாமா? காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவுக்கு ஒருமுறை போய் வாருங்கள். பழைய வீடுகளிலிருந்து வந்த நாற்காலி, மேசை, கதவு, தூண் எல்லாம் கடைகடையாகக் கிடக்கும். வெளிநாட்டுக்காரர்கள் வந்து தடவிப் பார்த்து விலை பேசுகிறார்கள். நம்மிடம் எடைக்கு எடுத்தவை ஊர் தாண்டி எங்கே போகின்றன என்பது அங்கே தெரியும். "பழையதைக் கொடுத்துப் புதியதை எடுத்துச் செல்லுங்கள்" என்று விளம்பரம் செய்கிற பெரிய கடை ஒன்று, நமக்குத் தெரிந்த ஒருவரின் தேக்குச் சாய்வு நாற்காலியைக் கழிவு விலைக்கு வாங்கிக்கொண்டு, பாலிஷ் போட்டு முகப்பிலேயே வைத்து விற்றதை நாமே பார்த்தோம். கொள்முதலில் கெட்டிக்காரர்கள் என்று பெயர் எடுத்த நாம், இந்த ஒரு சரக்கை மட்டும் விலை தெரியாமல் தள்ளிவிடுகிறோம்.

பிரம்புக்கு வருவோம். நாற்காலியின் சட்டத்தைச் சுற்றி வரிசையாகத் துளை போட்டு, பிரம்பின் மேல்தோலைச் சீவி எடுத்த பட்டையைத் தண்ணீரில் ஊறவைத்து, குறுக்கும் நெடுக்கும் கோணல் வாக்கிலும் மாற்றி மாற்றி இழுப்பார்கள். முடித்துப் பார்த்தால் கண் ஒவ்வொன்றும் எட்டுக் கோணமாக நிற்கும். ஈரத்தில் பின்னுவது காய்ந்தபின் இழுத்துக்கொள்ளும். அதனால்தான் அது தொட்டால் தாளம் போடுவதுபோல் விறைப்பாக இருக்கிறது. நம் ஊர்ச் சூட்டுக்கு இதைவிட நல்ல இருக்கை கிடையாது. காலை ஆறு மணிக்குக் கல்லாவில் உட்கார்ந்து இரவு பத்து மணிக்கு எழுந்திருப்பவர்கள் நாம். ரெக்சினில் உட்கார்ந்தால் வேட்டி நனைந்து ஒட்டிக்கொள்கிறது. பிரம்பில் கீழிருந்து காற்று வரும். லேசாகத் தொய்ந்திருந்தால் புதிதாகப் பின்னவும் தேவையில்லை. கவிழ்த்துப் போட்டு அடிப்பக்கம் வெந்நீர் ஒற்றி நிழலில் காயவைத்தால் ஓரளவு இறுகிக்கொள்ளும். அதன்மேல் ஏறி நின்று மேல்தட்டிலிருந்து டப்பா எடுக்கிற வழக்கத்தை மட்டும் நிறுத்த வேண்டும். நம் கடைகளில் பிரம்பு நாற்காலி போனதற்குப் பாதிக் காரணம் அதுதான்.

மூட்டைப்பூச்சியைப் பற்றிச் சிலர் முகம் சுளிப்பார்கள். பழைய சினிமாக் கொட்டகை நினைவு வரும்போல. வந்தால் கொதிக்கிற தண்ணீரைத் துளைகளில் ஊற்றி, இரண்டு நாள் நல்ல வெயிலில் போட்டு, திரும்பவும் ஒருமுறை பார்க்க வேண்டும். அதற்காக நாற்காலியைத் தள்ளுவது, வண்டு விழுந்தது என்பதற்காகக் குடோனையே விற்பது போலத்தான்.

இந்த நாற்காலிகளைப் பின்னியவர்கள் யார் என்பதையும் சொல்ல வேண்டும். பார்வையற்றோர் பள்ளிகளில் நாற்காலி பின்னுவது நெடுங்காலம் ஒரு தொழிற்பாடமாகவே இருந்தது. அரசு அலுவலகங்களில் அந்த வேலைக்கு அவர்களை அமர்த்தினார்கள். துளையை விரலால் எண்ணி, பட்டையை விரலால் இழுத்து, கண் உள்ளவர் பின்னியதைவிடச் சீராகப் பின்னக்கூடியவர்கள் அவர்களில் உண்டு. அலுவலகங்களில் இரும்பு நாற்காலியும் பிறகு சக்கர நாற்காலியும் வந்தபின் அந்தக் கைகளுக்கு வேலை குறைந்துபோனது. இப்போது ஊருக்கு ஒருவர், இருவர் இருந்தாலே அதிகம். நாம் கூப்பிட்டு வேலை கொடுக்காமல் இருந்தால் அந்த ஒருவரும் இல்லாமல் போவார். பிறகு நல்ல மர நாற்காலி எத்தனை இருந்தாலும் அது வெறும் சட்டம்தான்.

பிரம்புக்காரர் கிடைக்காதவர்கள் பிளாஸ்டிக் ஒயர் போட்டுக்கொள்வதில் தவறில்லை. பார்க்க அவ்வளவு அழகில்லை, ஆனால் கழுவலாம். எண்ணெய்க் கடைக்கு அதுவே நல்லது.

குஷன் வேலை வேறு கதை. இங்கேதான் ஏமாற்று அதிகம். முன்பு சணல் நாடா இழுத்து, சுருள் ஸ்பிரிங் கட்டி, மேலே தேங்காய் நாரும் இலவம் பஞ்சும் வைத்துத் தைத்தார்கள். பஞ்சு கட்டி தட்டிப்போனால் பிரித்துக் கொட்டி அடித்து வெயிலில் காயவைத்துத் திரும்பத் திணிக்கலாம். இப்போது எல்லாம் ஸ்பாஞ்சுதான். "அண்ணாச்சி, நல்ல நாற்பது டென்சிட்டி போட்டிருக்கேன்" என்பார் குஷன்காரர். டென்சிட்டி என்பது ஏதோ பெரிய விஞ்ஞானம் இல்லை. ஒரு கன மீட்டர் ஸ்பாஞ்சு எத்தனை கிலோ இருக்கிறது என்பதே அந்த எண். மளிகைக்காரரை எடையில் ஏமாற்றலாமா? தராசு நம் கையில்தானே இருக்கிறது. 18 அங்குலச் சதுரம், 3 அங்குலக் கனம் உள்ள சாதாரண இருக்கைத் துண்டு 40 டென்சிட்டியாக இருந்தால் ஏறக்குறைய 640 கிராம் நிற்க வேண்டும். 32 என்றால் 510 கிராம். 300 கிராம் காட்டினால் அது இருபதைக்கூடத் தொடவில்லை என்று பொருள், சீக்கிரமே அப்பளமாகிவிடும். எடை சரியாக இருந்தும் சந்தேகம் இருந்தால், ஒரு ஓரத்தைக் கசக்கித் தேய்த்துப் பாருங்கள். எடை கூட்டுவதற்காகச் சுண்ணாம்புத் தூள் கலந்த ஸ்பாஞ்சும் சந்தையில் உண்டு. அது நறநறக்கும், தூள் கொட்டும். மிளகில் பப்பாளி விதையைக் கண்டுபிடிக்கிற நமக்கு இதுவா கஷ்டம்?

மேல்துணி வாங்குவதிலும் மொத்த வியாபாரியின் புத்தி வேண்டும். ரெக்சின் பெரும்பாலும் 54 அங்குல அகலத்தில் வருகிறது. நாம் சொன்ன அளவு இருக்கைக்கு, பக்கங்களையும் உள்மடிப்பையும் சேர்த்து 27 அங்குலச் சதுரம் போதும். அகலத்தில் இரண்டு, நீளத்தில் மூன்று வரிசைக்கு 81 அங்குலம். அதாவது இரண்டேகால் கெஜத்தில் ஆறு நாற்காலி முடிந்துவிடுகிறது, துண்டு மிச்சம் இல்லை. ஒரே ஒரு நாற்காலிக்கென்று முக்கால் கெஜம் வாங்கினால் அதில் பாதி வீண். ஆகவே பக்கத்துக் கடைக்காரரோடு சேர்ந்து ஆறாகக் கொடுப்பதே லாபம். கூலியிலும் குறைத்துக் கேட்க நியாயம் இருக்கும்.

ஒன்று எச்சரிக்க வேண்டும். உணவுப் பொருள் வைத்திருக்கும் அறையில் குஷன் நாற்காலியே வேண்டாம். கிழிந்த குஷன் எலிக்கு மாளிகை. நாரையும் பஞ்சையும் இழுத்துக் கூடு கட்டிவிட்டு, பக்கத்திலேயே துவரம்பருப்பு மூட்டையில் சாப்பாடு வைத்துக்கொள்கிறது. உணவுப் பாதுகாப்பு அலுவலர் வந்து அந்தக் கிழிசலைக் கண்டால் நம் விளக்கம் எதுவும் எடுபடாது. குடோனுக்கு வெறும் மரப் பெஞ்சு, ஸ்டூல். கடை முகப்புக்குப் பிரம்பு அல்லது ஒயர். குஷன் அலுவலக அறையோடு நிற்கட்டும்.

எல்லாவற்றையும் காப்பாற்றச் சொல்லவில்லை. மரத்தூளை அழுத்திச் செய்த பலகையில் செய்த மேசை, நாற்காலி தண்ணீர் பட்டு ஒருமுறை உப்பிவிட்டால் அதற்கு மருந்து கிடையாது. திருகாணி பிடிக்காது. தூக்கிப் போடுங்கள். மரத்தில் குண்டூசித் தலை அளவு ஓட்டைகளும், கீழே மாவு கொட்டியதுபோல் தூளும் இருந்தால், உளுப்பு உள்ளே எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று தச்சரைத் தட்டிப் பார்க்கச் சொல்லி முடிவு செய்யலாம். (அரிசி, கோதுமையைத் துளைக்கும் ஒருவகைச் சிறு வண்டும், மரத்தை மாவாக்கும் வண்டுகளில் ஒரு சாராரும் ஒரே குடும்பம் என்று பூச்சியியல் சொல்கிறது. நமக்குப் பழைய சொந்தக்காரர்கள்தான்!)

இனிக் கணக்கு. பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று 600 ரூபாய், பழைய நாற்காலியைப் பின்னிப் பாலிஷ் போட 1,200 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஊருக்கு ஊர் விலை மாறும். அறுபது நாற்காலிக்கு 36,000 எங்கே, 72,000 எங்கே என்றுதான் கூட்டத்தில் கேட்பார்கள். நாம் கேட்பது, எத்தனை வருடத்துக்கு என்பதை. பிளாஸ்டிக் நாற்காலி நான்கு ஆண்டு தாங்குவதாகவே தாராளமாக வைத்தாலும் பன்னிரண்டு ஆண்டில் மூன்று முறை வாங்க வேண்டும், 1,08,000 ஆகிறது. கவனமாக வைத்திருந்தால் பின்னல் அத்தனை காலமும் வரும். வழியில் பத்துப் பதினைந்து நாற்காலிக்கு மறுபடி பின்ன நேர்ந்தாலும் லட்சத்தைத் தாண்டாது. பன்னிரண்டாம் ஆண்டு முடிவில் ஒருபக்கம் பிளாஸ்டிக் குப்பை, மறுபக்கம் அறுபது தேக்கு நாற்காலி. வரியையும் பாருங்கள். புது மர நாற்காலிக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. உண்டு. தொகுப்பு வரித் திட்டத்தில் இருக்கும் சிறு வணிகர்களுக்கு அதில் உள்ளீட்டு வரவு கிடையாது. ஆண்டுக்கு 20 லட்சத்துக்குள் வேலை செய்யும் குஷன்காரரோ பிரம்புக்காரரோ பதிவு செய்யவே வேண்டியதில்லை. அவர் கூலியில் வரி ஏறாது. வருமான வரியிலும் பழுதுபார்த்த செலவை அந்த ஆண்டிலேயே செலவாக எழுதலாம். புதிதாக வாங்கினால் ஆண்டுக்குப் பத்து சதவீதத் தேய்மானம்தான் கிடைக்கும். கணக்கு எழுதுகிறவரைக் கேட்டு உறுதி செய்துகொள்ளவும்.

கணக்குக்கு வெளியே ஒரு விஷயம் இருக்கிறது. அதைச் சொல்லாமல் விட மனமில்லை. பெரிய பெரிய கம்பெனிகள் வீட்டு வாசலுக்கே அரிசி, பருப்பு கொண்டுபோய்க் கொடுத்து நம் வாடிக்கையை எடுத்துக்கொள்கின்றன என்று இந்த ஏட்டில் மாதம் தவறாமல் எழுதுகிறோம். தெருக்கடையை ஆதரியுங்கள் என்று பொதுமக்களைக் கேட்கிறோம். நியாயமான கோரிக்கை. ஆனால் நமக்கு ஒரு நாற்காலி தேவைப்பட்டால் நாம் எங்கே போகிறோம்? கைப்பேசியைத் திறந்து, அட்டைப்பெட்டியில் வருகிற நாற்காலியைத் தருவிக்கிறோம். நம் தெருக்கோடியில் தையல் இயந்திரத்தையும் சுத்தியலையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் குஷன்காரர் நம்மிடம்தான் மாதச் சாமான் வாங்குகிறார். கடன் நோட்டில் அவர் பெயர் இருக்கிறது. அவருக்கு வேலை கொடுத்தால் அந்தப் பணம் சனிக்கிழமை மாலை நம் கல்லாவுக்கே திரும்பி வரும். அட்டைப்பெட்டிக் கம்பெனிக்குக் கொடுத்த பணம் எந்த ஊருக்குப் போயிற்றென்று யாருக்குத் தெரியும்?

வேலை கொடுக்கிறவர்களும் கூலியை இழுத்தடிக்கக் கூடாது. "அடுத்த வாரம் பார்க்கலாம்" என்று நாம் சொல்லிச் சொல்லியே அந்தத் தொழிலில் பிள்ளைகள் இறங்காமல் போனார்கள். சாமான் வாங்க முன்பணம் கொடுங்கள். வேலை முடிந்த அன்றே மீதியைக் கொடுங்கள். நூறு மூட்டைச் சரக்குக்கு ரொக்கம் கொடுத்துக் கழிவு வாங்குகிற நமக்கு ரொக்கத்தின் அருமை தெரியாததல்ல.

மண்டிக்கு வருகிறவரை உட்கார வைப்பது நம் தொழிலோடு பிறந்த பழக்கம். மெத்தையும் திண்டும் போட்டு, கணக்குப்பிள்ளை சாய்வு மேசையோடு தரையில் உட்கார்ந்திருந்த காலத்தில், சிற்றூரிலிருந்து சரக்கெடுக்க வந்த வியாபாரி அதே மெத்தையில் சரிக்குச் சரி உட்கார்ந்துதான் விலை பேசினார். பிறகு நாற்காலி வந்தது. அவருக்கும் ஒன்று போட்டோம். இன்று எத்தனை கடையில் வயதான வாடிக்கையாளருக்கு ஒரு இருக்கை இருக்கிறது? சீட்டைக் கொடுத்துவிட்டு வெயிலில் நிற்கிறார்கள். உட்கார்ந்தவர் நிதானமாக யோசித்து, மறந்துபோன பெருங்காயத்தையும் நினைவுபடுத்திச் சொல்வார். நிற்கிறவர் பாதிச் சீட்டோடு போய்விடுவார். ஊழியருக்கு இருக்கை சட்டப்படி வைக்கத்தான் வேண்டும். அதோடு வருகிறவருக்கும் ஒன்று சேர்த்துப் போடுவோம். பரணில்தான் இருக்கிறதே.

செயற்குழுவுக்கு நமது வேண்டுகோள்: ஏலத்தை இந்தக் கூட்டத்தில் முடிவு செய்ய வேண்டாம். முதலில் ஆறு நாற்காலிகளை மட்டும் இறக்கி, மூட்டு பூட்டி, பிரம்பு பின்னி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, அரக்குப் பாலிஷ் கொடுத்துக் கொண்டுவந்து கூட்ட அரங்கில் போடுங்கள். ஏலம் வேண்டும் என்கிறவர்களை அவற்றில் உட்கார வைத்தே மறுகூட்டத்தில் வாக்குக் கேட்கலாம். அந்த ஆறின் செலவில் பாதியைத் தர நாம் தயார். மீதிப் பாதிக்கு இரண்டு உறுப்பினர்கள் ஏற்கெனவே வாய்வார்த்தை கொடுத்திருக்கிறார்கள். பிரம்பு பின்னத் தெரிந்தவர்களை அறிந்தவர்கள் அவர்கள் ஊரையும் பெயரையும் சங்க அலுவலகப் பதிவேட்டில் எழுதி வைக்கவும். பார்வையற்றவராக இருந்தால், அழைத்து வந்து திரும்பக் கொண்டுபோய் விடும் பொறுப்பைச் சங்கமே ஏற்க வேண்டும். கழன்று விழுந்த கைப்பிடிகள் நான்கையும் கால் ஒன்றையும் காவலாளி மாடிப்படிக்குக் கீழே, மின்சார மீட்டர் பெட்டிக்குப் பின்னால் கட்டி வைத்திருக்கிறார். பழைய பேப்பர்க்காரர் வரும்போது யாரும் அதை எடுத்துப் போட்டுவிட வேண்டாம்.